லாரியின் டீசல் பில்டரை மாற்றும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

லாரியில் டீசல் பில்டரை மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்திலும், பழைய பில்டரைக் கழற்றியதற்கும் புதியதைப் பூட்டுவதற்கும் இடைப்பட்ட நான்கைந்து நிமிடங்களுக்குத்தான் முழுக் கவனம் தேவை. அப்போது டீசல் பாதை திறந்து கிடக்கிறது. பழைய பில்டர் பல மாதங்களாகத் தடுத்து வைத்திருந்த அழுக்கால் இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. ஆனால் பில்டரைத் தாண்டிய பக்கத்தில் அந்தச் சில நிமிடங்களில் விழுந்துவிடும் ஒரு சிட்டிகைத் தூசியைத் தடுக்க, அதற்குப் பிறகு வழியில் எதுவும் இல்லை. கீழே சொல்லப்போகும் முறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தை ஒட்டியே அமைந்தவை.

சென்னையில் சொந்தமாக ஒன்றிரண்டு லாரிகளை ஓட்டுபவர்கள், வண்டியோடு வெளியூர் போகும் டிரைவர்கள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வண்டியின் கையேடு வேறு அளவோ வேறு முறையோ சொன்னால் கையேட்டையே பின்பற்ற வேண்டும். வாரண்டிக் காலம் முடியாத வண்டியாக இருந்தால், கம்பெனி சர்வீஸில் மாற்றி ரசீது வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

டீசல் வரும் பாதை

பில்டரில் கை வைப்பதற்கு முன், டீசல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வண்டிக்கடியில் குனிந்து ஒருமுறை கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துவிட வேண்டும். சேஸிஸின் பக்கவாட்டில் தொங்கும் டேங்கிலிருந்து கிளம்பும் குழாய் முதலில் பிரீ பில்டருக்கு வருகிறது. பெரும்பாலான வண்டிகளில் இதன் அடியில் தண்ணீர் தேங்குவதற்கு ஒரு கிண்ணமும், தலையில் கையால் அடிக்கும் சிறு பம்ப்பும் இருக்கும். அடுத்தது ஃபீட் பம்ப்; அதுதான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி முன்னே தள்ளுகிறது. அது தள்ளும் டீசல் மெயின் பில்டருக்குள் நுழைந்து, அதன் வழியாக உயர் அழுத்தப் பம்ப்புக்கும், அங்கிருந்து காமன் ரெயில் என்ற, எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்க்கும், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. சில மாடல்களில் இந்த வரிசையில் சிறிய மாற்றம் இருக்கலாம். எரியாத டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வந்துவிடும்.

இதில் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். பின்னால் உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் தளர்ந்தால் இன்ஜின் ஓடும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். “எங்கேயும் ஒழுகவே இல்லையே” என்று நாள் முழுவதும் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிரீ பில்டர் தடுப்பது பத்து முதல் முப்பது மைக்ரான் வரையிலான துகள்களை. மெயின் பில்டர் தடுப்பது நான்கைந்து மைக்ரான் அளவுள்ளவற்றை. காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1600 முதல் 2000 பார் வரையிலான அழுத்தத்தில் பாய்கிறது என்பதையும், இன்ஜெக்டருக்குள் ஒன்றுக்குள் ஒன்று நகரும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத மணல் துகள் அங்கே என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது. பல இன்ஜின்களில் அவற்றுக்கு வழுக்குத் தருவதும் டீசலே. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கப்படுகிறது. கந்தகத்தை நீக்கும்போது இயல்பான வழுக்குத்தன்மையும் குறைவதால் அதை ஈடுகட்ட மருந்து கலக்கிறார்கள். அந்த டீசலில் தண்ணீர் சேர்ந்தால் வழுக்கும் போய்விடும், துருவும் வந்துவிடும்.

எப்போது மாற்றுவது

கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது சரியாகப் பொருந்தும். துறைமுக வண்டிகளுக்கு அதை அப்படியே நம்ப முடியாது. சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர், வரிசையில் இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கிறது. மீட்டரில் ஓடியது நாற்பது கிலோமீட்டராக இருக்கும். பில்டரோ பத்து மணி நேரம் வேலை செய்திருக்கும். எரிவதைவிட அதிகமான டீசலைப் பம்ப் சுழற்றிக்கொண்டே இருப்பதால், ஒரே டீசல் டேங்குக்குத் திரும்பி மறுபடி மறுபடி பில்டருக்குள் வருகிறது. ஆகவே இத்தகைய வண்டிகளுக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல், இன்ஜின் ஓடிய மணிக் கணக்கைப் பார்த்து மாற்றுவதே முறை. மணிக் கணக்கு காட்டாத வண்டியில் சொன்ன தூரத்துக்கு முன்பாகவே மாற்றிவிடலாம்.

பில்டர் அடைபடத் தொடங்கினால் வண்டி சொல்லிவிடும். வெறும் வண்டியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சுமையோடு மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் இன்ஜின் ஒரு கட்டத்துக்கு மேல் எழும்பாது. ஓடும்போது ஜெர்க் அடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். இவற்றில் காலை நேரச் சிக்கல் மட்டும் இருந்து, ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தால், பில்டரைவிடக் காற்று புகுவதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் டீசல் டேங்குக்கு இறங்கிவிட்டிருக்கும்.

நம் ஊரில் தண்ணீர் ஒரு தனிக் கதை. கடலோர ஈரக்காற்றைத் தவிர்க்க வழியில்லை. டேங்கில் டீசல் இறங்க இறங்க அந்த இடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. குளிர்ந்த இரவில் அதிலுள்ள ஈரம் டேங்கின் உட்சுவரில் வியர்த்து இறங்குகிறது. பாதி டேங்கோடு நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் இது இன்னும் அதிகம். ஆகவே இரவு நிறுத்துவதற்கு முன் டீசல் போடும் வழக்கம் நல்லது. வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணீர் தேங்கிய பகுதியில் உள்ள பங்க்கில் உடனே டேங்கை நிரப்பிக்கொள்ளாமல் சில நாள் தள்ளிப்போடுவதும் நல்லது. பிரீ பில்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தினமும் காலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்துவிட வேண்டும். டீசல் ஒரு லிட்டர் சுமார் 830 கிராம்தான் இருக்கும். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் இரவெல்லாம் அடியில் இறங்கி நிற்கும். தெளிந்த டீசல் வரும்வரை விட்டு மூடினால் போதும். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்த பிறகு “ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று ஓட்டுவது, இன்ஜெக்டர் செட்டின் விலை தெரியாதவர் செய்யும் வேலை.

பில்டர் வாங்கும்போது

மரை ஒன்றாக இருக்கிறது, உயரமும் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு பில்டர் இன்னொன்றுக்குப் பதிலாகிவிடாது. வெளித்தோற்றம் ஒன்றாகவும், உள்ளே காகிதத்தின் மைக்ரான் அளவு வேறாகவும் இருக்கும் பில்டர்கள் உண்டு. பழைய பில்டரின் மேல் உள்ள பார்ட் நம்பரை நம்பி வாங்குவதும் சரியில்லை. முன்பு மாற்றியவர் தவறானதைப் போட்டிருக்கலாம். சேஸிஸ் நம்பரைச் சொல்லி டீலரிடம் கேட்பதே நம்பகமான வழி. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்குவதாக இருந்தால், பில் தரும் கடையில், சீல் பிரியாத பெட்டியில் வாங்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கும் போலியை வெட்டிப் பார்த்தால், காகித மடிப்புகள் குறைவாகவும், ஓரத்தில் பசை பிடிக்காமலும் இருப்பதைக் காணலாம். பசை விட்ட இடத்தில் டீசல் வடிகட்டப்படாமலே கடந்துபோகும். வண்டியின் இழுவை நன்றாகவே இருக்கும், ஏமாற்றமும் அதில்தான் இருக்கிறது.

பிரீ பில்டரையும் மெயின் பில்டரையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. கூடவே ரப்பர் வளையங்கள், கழற்ற வேண்டிய பான்ஜோ போல்ட்டுகளுக்குரிய (குழாய் முனையின் வளையத்தைப் பூட்டும், நடுவில் துளையுள்ள போல்ட்டுகள்) காப்பர் வாஷர்கள் ஆகியவற்றையும் வாங்கிவிட வேண்டும். சில்லறைக் காசுக்கு வாங்கும் இந்த வாஷரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பிஎஸ் 6 வண்டிகளில் நீல மூடியுள்ள யூரியாக் கரைசல் டேங்குக்குத் தனிப் பில்டர் இருக்கும். அது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே புனலையோ கேனையோ பயன்படுத்தக் கூடாது.

வேலைக்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். கேபினைச் சாய்க்கும் வண்டியாக இருந்தால், தாங்கு கம்பி கொண்டியில் விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடியில் தலையை நுழைக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டீசல் எளிதில் தீப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் பலர். இந்தியத் தரத்தின்படி டீசல் ஆவி தீப்பிடிக்கக்கூடிய வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் போதும். மே மாதத்தில் சென்னையின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது; அணைத்துச் சிறிது நேரமே ஆன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு அதைப் போலப் பல மடங்கு. விடியற்காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்வது இரண்டு வகையில் நல்லது: இன்ஜின் ஆறியிருக்கும், காற்றில் புழுதியும் குறைவாக இருக்கும்.

மணலி, செங்குன்றம் பக்கத்துத் திறந்தவெளிப் பட்டறைகளில் ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் எழும் புழுதி மேலேயே விழும். வேலை செய்யும் இடத்தைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்வது செலவில்லாத நல்ல வழக்கம். அடுத்து, பில்டர் தலையையும் (பில்டரைத் திருகிப் பூட்டும் மேற்பகுதி) சுற்றியுள்ள குழாய் இணைப்புகளையும் பிரஷ்ஷாலும் சிறிது டீசலாலும் கழுவி, துடைத்துக் காயவிட வேண்டும். கழற்றுவதற்கு முன்பே கழுவ வேண்டும். கழற்றிய பிறகு கழுவினால் அழுக்கை நாமே உள்ளே ஊற்றுகிறோம். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் உதவாது. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் அந்தத் துணியை வெயிலில் ஒருமுறை உதறிப் பார்த்தால், பறக்கும் நூல் பிசிறுகளைக் கண்ணாலேயே காணலாம். பிசிறு விடாத, துவைத்த பருத்தித் துணியே வேண்டும்.

பில்டர் ஸ்பேனர் அல்லது செயின் ஸ்பேனர், டீசல் பிடிக்க வாயகன்ற தட்டு, ஒளி ஊடுருவும் ஒரு பாட்டில், கையுறை, கண்ணாடி, கொஞ்சம் மரத்தூள் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புதிய பில்டரைப் பெட்டியிலிருந்து இப்போது எடுக்க வேண்டாம்.

கழற்றுதல்

டேங்க் குழாயில் வால்வு இருந்தால் மூடிக்கொள்ள வேண்டும். டேங்க் நிறைந்திருந்து, டீசல் மட்டம் பில்டரைவிட உயரத்தில் இருந்தால், திறந்தவுடன் டீசல் தானாகவே இறங்கி வந்துகொண்டிருக்கும். ஆகவே டேங்க் பாதிக்கும் கீழே இருக்கும் நாளில் செய்வது எளிது. அடியில் உள்ள ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஒயர் இணைப்புகள் ஆகியவற்றின் மேல் பாலிதீன் உறையைப் போட்டு மூடிவிட வேண்டும்.

முதலில் பிரீ பில்டரின் வடிகால் திருகைத் திறந்து, வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். தண்ணீர் சென்சார் இருந்தால் அதன் ஒயர் கப்ளரை விடுவித்து, பில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். இறுகிப்போனால் செயின் ஸ்பேனரைத் தலைக்கு அருகில், தகரம் நசுங்காத இடத்தில் போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் பழைய வழக்கம் தகரத்தைக் கிழிப்பதோடு சரி. மரைத் தண்டு அப்படியே நின்றுவிடும், துண்டுத் தகரம் உள்ளே விழும்.

பில்டர் கையோடு வந்தவுடன், அதன் வாயில் பழைய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது மேலே தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புதிய பில்டரைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்து, பட்டறையில் சரியாகத் தெரிந்து, பத்தாவது கிலோமீட்டரில் ஒழுகும். தலையின் தட்டையான பகுதியை மட்டும் துணியால் துடைத்து, திறந்த வாயைச் சுத்தமான பாலிதீனால் மூடி வைக்க வேண்டும். மெயின் பில்டரையும் இதே முறையில் கழற்றலாம்; ஆனால் அதன் தலையில் நடுவில் உள்ள மரைத் தண்டின் துளை நேராக உயர் அழுத்தப் பம்ப்புக்குப் போகும் வழி என்பதால் அங்கே துணியைக்கூட நுழைக்கக் கூடாது.

பழைய பில்டர் என்ன சொல்கிறது

தூக்கி எறிவதற்கு முன் சிறிது நேரம் இதற்குச் செலவிடுவது வீண் போகாது. பாட்டிலில் பிடித்த டீசலைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனிக் கோடாகப் பிரியும். விரல் நுனியளவு தண்ணீர் எதிர்பார்க்கக்கூடியதுதான். நான்கு விரல் அளவு நின்றால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டிய நிலை.

பிறகு பில்டரின் தகரத்தை ஹேக்ஸா பிளேடால் சுற்றிலும் அறுத்து, உள்ளிருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பார்க்கலாம். சீரான கரும்பழுப்பு நிறம் இயல்பானது. செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டினால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. விரலிடுக்கில் நறநறவென்றால் மணல். டேங்க் மூடியின் ரப்பரையும் காற்றுத் துளையையும் பார்க்க வேண்டும். கறுத்த, வழவழப்பான பாசி போன்ற படலமும் கெட்ட முட்டை நாற்றமும் இருந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் கிருமிகள் வளர்ந்திருக்கின்றன என்று பொருள். நம் ஊர் வெப்பம் அதற்கு உகந்தது. அந்த வண்டியில் பில்டரை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி அடைத்துக்கொள்ளும். மெயின் பில்டரில் மினுமினுக்கும் உலோகப் பொடி தெரிந்தால், அதற்கு முன்னால் உள்ள ஃபீட் பம்ப் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிட்டர்ன் டீசல் வழியாக உயர் அழுத்தப் பம்ப்பின் பொடியும் டேங்குக்கு வந்திருக்கலாம் என்பதால், அந்த வண்டியைப் பம்ப் பார்க்கும் இடத்துக்கு அனுப்புவதே சரி.

புதியதைப் பூட்டுதல்

கையுறையை மாற்றிக்கொண்ட பிறகு புதிய பில்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம். ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலையோ இன்ஜின் ஆயிலையோ விரலால் மெல்லியதாகத் தடவ வேண்டும், கிரீஸ் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தையும் சென்சாரையும் பழையதிலிருந்து மாற்றும் வகையாக இருந்தால், அவற்றைக் கழுவி, புதிய வளையம் போட்டுக் கையாலேயே முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் மரை ஸ்பேனரைத் தாங்காது.

பில்டருக்குள் முன்கூட்டியே டீசல் ஊற்றுவதா வேண்டாமா என்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் வாக்குவாதம். பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் எல்லோரும் ஊற்றினார்கள். ஸ்டார்ட் சீக்கிரம் ஆகும். புதிய பில்டரின் வாயைக் கவிழ்த்துப் பார்த்தால் ஓரத்தில் வட்டமாகச் சிறு துளைகளும், நடுவில் மரையுள்ள பெரிய துளையும் தெரியும். ஓரத்துளைகள் அழுக்கு டீசல் நுழையும் வழி. நடுத்துளை வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. ஊற்றுபவர்கள் வசதிக்காக நடுத்துளையில்தான் ஊற்றுவார்கள். அதாவது, கேனில் இருக்கும் டீசல், புனலின் ஓரத்து அழுக்கோடு, வடிகட்டப்படாமலே பம்ப்புக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஆகவே காமன் ரெயில் வண்டியில் மெயின் பில்டரைக் காலியாகவே பூட்டிவிட்டு ஹேண்ட் பம்ப் அடித்து நிரப்ப வேண்டும் என்பதே என் முடிவு. பிரீ பில்டரில் ஊற்றியே ஆக வேண்டுமென்றால், நடுத்துளையை மூடிக்கொண்டு ஓரத்துளைகளில் மட்டும் ஊற்றலாம். அதைத் தாண்டி மெயின் பில்டர் நிற்கிறது.

பில்டரைக் கையால் திருகி, வளையம் தலையைத் தொட்டவுடன் அங்கே ஓர் அடையாளக் கோடு போட்டு, அதிலிருந்து முக்கால் சுற்று கையால் முடுக்க வேண்டும். பில்டரின் மேலேயே வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதைக் கொள்ள வேண்டும். ஸ்பேனர் போட்டு முடுக்கினால் வளையம் பிதுங்கும். அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டுவார்.

ஓட்டத்தில் இன்னும் இருக்கும் பழைய லாரிகளில், நீள் போல்ட்டால் பிடித்த இரட்டைக் கிண்ணங்களும் அவற்றுக்குள் பில்டர் துண்டுகளும் இருக்கும். முதல் கிண்ணத்தில் துணி பில்டர், இரண்டாவதில் பேப்பர் பில்டர். இடம் மாறக் கூடாது. பேப்பர் பில்டரைப் பெட்ரோலில் கழுவி ஏர் அடித்துத் திரும்பப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். காகிதம் கிழிந்த பில்டரும் பில்டர் இல்லாத வண்டியும் ஒன்றுதான்.

ஏர் எடுத்தல்

பில்டரிலும் குழாயிலும் புகுந்த காற்றை வெளியேற்றுவதே ஏர் எடுத்தல். பில்டர் தலையில், காற்று வெளியேறுவதற்கென உள்ள பிளீட் ஸ்க்ரூ என்ற சிறு திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, அதன் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு ஹேண்ட் பம்ப்பை நிதானமாக அடிக்க வேண்டும். முதலில் வெறும் சீறல். பிறகு சோப்பு நுரை போல வெளுத்த டீசல். அதன் பிறகு இடையிடையே ஒரு குமிழி. கடைசியில் கம்பி இழுத்தது போலத் தெளிந்த டீசல். குமிழி நின்ற பிறகும் பத்துப் பதினைந்து அடி அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு முடுக்கினால் கொஞ்சம் காற்று திரும்ப உள்ளே போகும். பெரிய பில்டருக்கு நூறு அடிக்கு மேல்கூட ஆகலாம். கை வலிக்கும், அவசரப்பட வேண்டாம். ஸ்க்ரூவை மூடியபின் பம்ப் கெட்டியாகிக் கைக்கு எதிர்த்து நின்றால் பாதை நிரம்பிவிட்டது. மின் பம்ப் உள்ள வண்டிகளில் சாவியை ஆன் நிலையில் வைத்து, பம்ப் ஓசை அடங்கியதும் அணைத்து, மறுபடி ஆன் செய்து என்று கையேடு சொல்லும் தடவை செய்தால் அதுவே நிரப்பிக்கொள்ளும்.

மைக்கோ பம்ப் என்று பட்டறைகளில் இன்றும் சொல்லும் பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில், பில்டருக்குப் பிறகு பம்ப்பில் உள்ள பிளீட் ஸ்க்ரூவிலும் ஏர் எடுக்க வேண்டும். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், இன்ஜெக்டர் குழாயின் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி ஏர் எடுப்பார்கள். இந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சதை அழுகத் தொடங்கும்; வலி இல்லையென்று வீட்டுக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. உயர் அழுத்தக் குழாயில் கசிவைத் தேட அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்க்கக் கூடாது.

காப்பர் வாஷரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு, தண்ணீர் கலந்த டீசலோடு வந்த ஒரு டிரெய்லருக்கு டேங்கைக் கழுவி இரண்டு பில்டரையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் டிரைவர் திரும்பி வந்து, “அண்ணே, பில்டர் மாத்தியும் வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பாடி பாலத்துல ரெண்டாவது கியருக்கு வந்துடுச்சு” என்றார். பில்டர்தான் சரியில்லை என்று எண்ணி மறுபடி ஒரு புதிய பில்டர் போட்டேன், பலனில்லை. கடைசியில் பிரீ பில்டருக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் ஹோஸைப் பூட்டி இன்ஜினை ஓடவிட்டபோது, கடுகு கடுகாகக் குமிழிகள் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. டேங்க் குழாய் பிரீ பில்டரில் சேரும் பான்ஜோ போல்ட்டில் நான் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன். அது ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிப் பள்ளம் விழுந்த வாஷர். வெளியே ஈரம்கூட இல்லை. புதிய வாஷரைப் போட்டு மறுபடி ஏர் எடுத்ததோடு வண்டி சரியானது. இரண்டாவது பில்டரின் விலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

ஸ்டார்ட் செய்து சோதித்தல்

பேட்டரி ஸ்விட்சைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றக் கூடாது. ஆகாவிட்டால் ஒரு நிமிடமாவது விட்டு மறுபடி சுற்றலாம். மூன்று முறை சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் ஏர் சரியாக எடுபடவில்லை. திரும்ப ஹேண்ட் பம்ப்புக்கே போக வேண்டும். சுற்றிச் சுற்றியே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று முயன்றால், உயர் அழுத்தப் பம்ப் டீசலின் வழுக்கு இல்லாமல் வறட்சியாகச் சுழலும், ஸ்டார்ட்டரும் சூடேறும்.

ஸ்டார்ட் ஆன பிறகு ஓரிரு முறை திணறுவது இயல்பு. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஆயிரம் ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மெல்ல உயர்த்தி, பில்டர் வளையம், பிளீட் ஸ்க்ரூ, வடிகால் திருகு, பான்ஜோ இணைப்புகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முன்பே துடைத்துக் காயவைத்திருந்தால்தான் புதிய ஈரம் தெரியும். அணைத்து, கேபினை இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹேண்ட் பம்ப்பை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது நல்ல சோதனை: கெட்டியாக நின்றால் பாதை இறுக்கமாக இருக்கிறது, தொளதொளவென்று இறங்கினால் இரவில் எங்கோ காற்று புகுந்திருக்கிறது.

தரையில் சிந்திய டீசலின் மேல் மரத்தூளையோ மணலையோ கொட்டி வாரிவிட வேண்டும். சாலையோரத்தில் செய்த வேலையானால் இதைத் தவறவிடக் கூடாது. அந்த வழியில் வரும் முதல் பைக் அதில்தான் வழுக்கும். பிடித்து வைத்த பழைய டீசலை மழைநீர் வடிகாலில் ஊற்றினால் வடசென்னையில் அது பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்ச் சேரும். அதைக் கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கலாம். தெளியவைத்து மறுபடி டேங்கில் ஊற்றும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

புதிய பில்டரின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதி வைக்க வேண்டும். டேங்கைக் கழுவாமல் பில்டரை மட்டும் மாற்றிய வண்டியாக இருந்தால், பழைய பில்டரில் தண்ணீரோ துருவோ அதிகம் கண்டிருக்கும் பட்சத்தில், கேபினில் ஒரு பிரீ பில்டரையும் ஒரு செயின் ஸ்பேனரையும் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வண்டி வழியில் ஒருமுறை நிற்கும்.